ஒன்பது முக விளக்கும் ஒரு குடம் தண்ணீரும்

நாவலடிக்கண்டல்,
ஒட்டுசுட்டான்.
ஆவணி, கடைசி வியாழன்.

என்றும் மதிப்புக்குரிய கமலாசனி மச்சாளுக்கு,

உங்கள் தம்பி மனைவி பிரியந்தினி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், மாடுகள் இரண்டும், குரங்குகள் அனைத்தும் சுகம். உங்கள் தம்பிக்கு மட்டும் சில நாட்களாகத் தும்மல். அங்கே நீங்களும் அண்ணையும் பேரப்பிள்ளைகளும் தும்மல் இல்லாமல் இருக்கத் தான்தோன்றீசுவரர் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்று வைத்துவிட்டேன். கோபித்திருப்பீர்கள். "கட்டின மனுசனுக்கு ஊர்ச்சனத்துக்கு முன்னால குடத்தோட தண்ணி ஊத்திறதோ? நீர் கம்பஸ் படிச்ச பிள்ளை எண்டெல்லோ நினைச்சனான்" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அரை நிமிடம்கூட ஓடாத அந்த வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வெள்ளை வேட்டியோடு ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், சேலை கட்டிய ஒரு பெண் வருகிறாள், ஊற்றுகிறாள், முடிந்தது. அதற்கு யாரோ தவில் அடியும் சேர்த்து, "முன்னாள் உறுப்பினருக்கு இல்லத்தரசியின் தீர்ப்பு" என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். ரொறொன்ரோவில் உங்கள் சங்கக் கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் போட்டதாகச் சொன்னீர்கள். அன்று இரவே நான் இந்தக் கடிதத்துக்குத் தாள் தேடினேன்.

போனில் விளக்கமாகச் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் அழைப்பு வந்தால் இவர் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். வட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பேத்திதான் வாசித்துக் காட்டவேண்டும். அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இங்கே மாகாணசபைத் தேர்தலே வந்துவிடும். உங்கள் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பிரசாந்தன் நாளைக்குத் திரும்புகிறார். மிளகாய்த்தூளோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

மச்சாள், நான் ஊற்றியது ஒரு குடம் தண்ணீர். ஆனால் கதை பன்னிரண்டு வருடத்துக் கதை. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் மாகாணசபைத் தேர்தல் என்று அறிவித்தபோது இவர் சங்கக்கடை முகாமையாளராக, மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டு ஒரு கண் தூங்கி எழும்புகிற மனிதராக இருந்தார். "எங்கட குடும்பத்தில ஒருத்தன் சபைக்குப் போகவேணும்" என்று ஒவ்வொரு இரவும் கனடாவில் இருந்து போன் எடுத்தது யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. வாக்குச்சீட்டில் இவருக்குக் கிடைத்த விருப்பு இலக்கம் பதினொன்று. சனம் பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டது. வென்றார். நாயாற்றிலிருந்து வரும் மீன்காரர் இன்றைக்கும் வாசல் படலையில் நின்று "பதினொண்டு அக்கா, நல்ல பாரை கிடக்கு" என்றுதான் கூப்பிடுகிறார். வளாகத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் எடுத்த எனக்கு இந்த ஊரில் மிஞ்சிய பெயர் அதுதான்.

சபையில் இவர் சும்மா இருக்கவில்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். குரங்குத் தொல்லைக்கு எதிராக இவர் கொண்டுவந்த பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அந்தச் செய்தியைப் பேப்பரில் வெட்டி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், குசினிக்குள் இரண்டு குரங்குகள் சோற்றுப் பானையோடு இருக்கின்றன. "அதுகளுக்கு இன்னும் அறிவிக்கப்படேல்லை" என்றார் இவர். பகிடி விட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு பஸ் தரிப்பிடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அதே கிழமை காட்டுயானை ஒன்று வந்து கல்லைக் கிண்டி வாய்க்காலுக்குள் உருட்டிவிட்டது. மற்ற ஊர்களில் எதிர்க்கட்சி செய்கிற வேலையை எங்கள் ஊரில் யானை செய்தது. இவர் கண்டன அறிக்கை விட்டார். பத்திரிகையில் இவருடைய படமும் யானையின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. யார் யாரைக் கண்டித்தது என்பது மட்டும் அதில் தெளிவாக இல்லை.

இனி விளக்குக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் விளக்கினால் வந்ததுதான். நீங்கள் போன காலத்தில் எப்படியோ தெரியாது. இப்போது இங்கே மங்கல விளக்கு ஏற்றாமல் ஒரு நிகழ்வும் தொடங்காது. முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, விதைநெல் வழங்கல், மலசலகூடத் திறப்பு, எதுவாக இருந்தாலும் குத்துவிளக்கு வேண்டும். குத்துவிளக்குக்கு ஐந்து முகம். அறிவிப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிட, ஐந்து விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மெழுகுதிரியை வாங்கி ஆளுக்கொரு திரி ஏற்றுவார்கள். யாருக்கு எத்தனையாவது திரி என்பதில்தான், மச்சாள், வன்னியில் ஒரு அரசியல்வாதியின் சாதகமே கிடக்கிறது. வென்ற புதிதில் இவருக்கு முதலாம் திரி. அமைச்சர் யாரும் வந்தால் இரண்டாம் திரி. பதினெட்டாம் ஆண்டு சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் வைக்கவில்லை. இவர் தோற்கவில்லை, விலகவில்லை, இவரை யாரும் நீக்கவும் இல்லை. சபைதான் இவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு எங்கேயோ போய்விட்டது. படலையில் தொங்கிய பலகையில் "மாகாணசபை உறுப்பினர்" என்பதற்கு முன்னால் "முன்னாள்" என்று சேர்க்கச் சொன்னோம். பெயின்ரர், இடம் போதாது என்று சொல்லி, அதைக் கடுகளவில் எழுதினார். இவருக்கு அந்தப் பெயின்ரரை அதற்குப் பிறகு நிரம்பப் பிடிக்கும்.

அதன் பிறகு மூன்றாம் திரி, நாலாம் திரி என்று வந்து, ஒரு பொங்கல் விழாவில் ஐந்தாவதாகக் கூப்பிட்டார்கள். மெழுகுதிரி கைக்கு வரும்போது கட்டையாகி விரலைச் சுட்டுவிட்டது. போன வருடம் ஒரு அழைப்பிதழில் இவர் பெயரே இல்லை. கடைசியில் "மற்றும் பலர்" என்று இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ள நானும் இருக்கிறன்" என்றார். கதிரையும் அப்படித்தான். முன்வரிசையில் போய் இருப்பார். பிந்தி வருகிற ஒவ்வொரு அதிகாரிக்கும் எழும்பி ஒரு கதிரை தள்ளி இருப்பார். ஒரு பரிசளிப்பு விழாவில் அப்படித் தள்ளித் தள்ளி, நன்றியுரை வரும்போது பந்தலுக்கு வெளியே ஐஸ்கிறீம் விற்கிற வானுக்குப் பக்கத்தில் இருந்தார். போர்த்திய பொன்னாடைகள் வீட்டில் குவிந்து கிடந்தன. அவற்றை வெட்டி யன்னலுக்கு மறைப்புத் தைத்தேன். பின்னேர வெயிலில் எங்கள் வீடு வெளியிலிருந்து பார்க்கத் தேர்போல மினுங்கும்.

நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதேயுங்கோ. அந்த வேட்டிக்கு நீலம் போட்டுக் காயவிடுகிறவள் நான். நிகழ்வு இல்லாத நாட்களிலும் அதைக் கட்டிக்கொண்டு, போன் அடிக்குமா என்று முற்றத்தில் நடக்கிற மனிதரை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறவளும் நான்தான். சொந்த வீட்டு வாசலில்கூட ஒரு கணம் நின்றுதான் உள்ளே வருவார், யாராவது வந்து வரவேற்பார்கள் என்பதுபோல. சில நாள் நானே கையை ஈரத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டு போய் "வாங்கோ" என்றிருக்கிறேன். முகம் மலர்ந்து உள்ளே வருவார். எனக்கு அது பகிடியாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

ஆனால் உங்கள் தம்பி செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டு. எங்கள் நாவலடிக்கண்டலில் றோட்டுக்கு இந்தப்பக்கம் நாங்கள், குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அந்தப்பக்கம் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள். எங்கள் பக்கத்தில் கோயில், வாசிகசாலை, மண்டபம் எல்லாம் இருந்தன. அவர்களுக்குக் கூட்டம் வைக்க ஒரு பாலைமரம். மழை வந்தால் கூட்டம் இல்லை. சபையின் கடைசி வருடத்தில் இவர் அலைந்து, கெஞ்சி, ஒரு அரசாங்கக் கந்தோரில் மேசையில் அடித்து, அவர்களுக்கு ஒரு பொதுமண்டபத்துக்கு அனுமதி எடுத்து அடிக்கல்லும் நாட்டினார். சுவர் எழும்பியது. சபை முடிந்தது. கூரை வரவில்லை. மாரி மாரியாக அந்தச் சுவர்கள் நனைந்தன, சனம் அதற்குள் ஆடு கட்டியது. ஒவ்வொரு மாரிக்கும் இவர் குடை பிடித்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். அந்த அடிக்கல்லை யானைகூடத் தொடவில்லை.

இந்த வருடம் வேறொரு திட்டத்தில் கூரை வந்தது. ஆவணியில் திறப்பு என்றார்கள். அன்றிரவு சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்த மண்டபத்தில ஒரு திரி ஏத்தினாப் போதும், பிரியா. அஞ்சாவது எண்டாலும் பரவாயில்லை" என்றார். பன்னிரண்டு வருடத்தில் இவர் தனக்கென்று என்னிடம் வாய்விட்டுச் சொன்ன ஆசை அது ஒன்றுதான். நான் குழம்பை ஊற்றிவிட்டு, கிடைக்கும் என்றேன்.

கிடைக்கவில்லை. அந்தப்பக்க மாதர் சங்கத் தலைவி வீரம்மா அழைப்பிதழ் கொண்டுவந்தார். அறுபது வயது, ஆள் குள்ளம், குரல் மட்டும் குளத்துக்கு அந்தக் கரையில் கேட்கும். ஐந்து விருந்தினர் பெயரும் அச்சில் இருந்தன. எல்லாம் கதிரையில் இப்போது இருக்கிறவர்களின் பெயர்கள். இவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வீரம்மாவுக்கும் முகம் கறுத்துவிட்டது.

"பேரெல்லாம் மேலேருந்து வந்துச்சுங்க மெம்பரய்யா. கல்லு வச்சவரு இவருதான்னு நானும் சொல்லிப் பாத்தேன். விளக்குல அஞ்சு மூஞ்சிதான் இருக்குன்னுட்டாங்க. ஆறாவதா ஒண்ணை நான் எங்கிட்டு ஒட்ட?"

இவர் அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். குரங்குப் பிரேரணைக்கு முதல்நாளும் இதே வெளிச்சம்தான் வந்தது. வேறொருவர் என்றால் கட்சி மாறியிருப்பார். இவர் விளக்கை மாற்ற முடிவெடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் பித்தளைக் கடையொன்றில் சொல்லிச் செய்வித்த ஒன்பது முக விளக்கு. மண்டபத்துக்கு அன்பளிப்பு. ஐந்து பேர் ஏற்றினாலும் நாலு முகம் மிச்சம், ஒன்றாவது தனக்கு வரும் என்பது கணக்கு. இவருடைய நெஞ்சளவு உயரம். வாகனம் பிடிக்காமல் பஸ்ஸில்தான் கொண்டுவந்தார், நானும் போயிருந்தேன். யன்னல் பக்க ஆசனத்தில் விளக்கு, நடுவில் இவர், ஓரத்தில் நான். ஆனையிறவு தாண்டும்போது முன்னால் இருந்த ஒரு அம்மா திரும்பிக் கும்பிட்டார். முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏறும்போது விளக்கையும் ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் பூவும் வைத்தார். "எந்தக் கோயிலுக்கு ஐயா?" என்று நடத்துநர் கேட்டபோது, இவர் நெஞ்சை நிமிர்த்தி "பொதுமக்களுக்கு" என்றார். மாங்குளம் வரைக்கும் அந்தப் பஸ்ஸில் எங்களுக்கு நல்ல மரியாதை.

பிழை எங்கே நடந்தது என்றால், மச்சாள், அன்று பின்னேரமே. விளக்கைக் கூடத்தில் நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்து, "ஒன்பது முக மங்கல விளக்கு" என்று பேஸ்புக்கில் போட்டார். போதாதென்று தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் போன் எடுத்து முகத்தின் எண்ணிக்கையை அழுத்திச் சொன்னார். நான் தடுத்தேன். "விசயம் தெரிஞ்சால்தானே ஆக்கள் கூப்பிடுவினம்" என்றார். விசயம் தெரிந்தது. மேலேயிருந்து வீரம்மாவுக்கு மறுபடி போன் வந்தது. ஒன்பது முகம் இருக்கும்போது ஐந்து பேர் மட்டும் ஏற்றினால் நாலு முகம் மூளியாகத் தெரியும், மங்கலம் இல்லை என்று சொல்லி, இன்னும் நாலு விருந்தினர்களை அவர்களே சேர்த்துவிட்டார்கள். ஒரு வங்கி முகாமையாளர், ஒரு உரக் கம்பனிப் பிரதிநிதி, யாரோ ஒருவருடைய இணைப்பாளர். ஒன்பதாவது ஆள் மண்டபத்துக்கு வெள்ளையடித்த ஒப்பந்தகாரர். உங்கள் தம்பி பத்தாவது.

போகவேண்டாம் என்று சொன்னேன். "என்ர மண்டபம்" என்றார். அவ்வளவுதான். வேட்டிக்கு அன்று நான் இரண்டுதரம் நீலம் போட்டேன்.

திறப்பு நாளன்று சோளகக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. இந்த மாதத்தில் இந்தப் பக்கத்துக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று பரீட்சைக்கு எழுதினவள் நான். விளக்கை மண்டப வாசலில், சரியாக அந்தத் திசையைப் பார்த்து வைத்திருந்தார்கள். நான் கண்டேன், சொல்லவில்லை. பக்கத்தில் சின்ன மேசையில் நிறைகுடம், மாவிலை, மேலே மஞ்சள் பூசிய தேங்காய். விருந்தினர்களை மாலை போட்டுக் கூட்டிவந்தார்கள். விளக்குத் தந்தவர் என்று வீரம்மா பிடிவாதமாக நின்று இவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். சரிகைபோல மினுங்குகிற, தொட்டால் வழுக்குகிற அந்தச் செயற்கைத் துணி. இவர் நாலாம் வரிசையில் போய் இருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து இவருடைய பிடரியை மட்டும் பார்த்தேன். நிமிர்ந்து இருந்தது.

அறிவிப்புச் செய்தது வாத்தியார் அனோஜன், இனிமையான குரல், அவசரமே இல்லாத பொடியன். "முதலாவது சுடரை ஏற்றி வைக்க" என்று பிரதம விருந்தினரைக் கூப்பிட்டார். ஏற்றினார். காற்றில் நூர்ந்தது. மறுபடி ஏற்றினார், நூர்ந்தது. இரண்டாமவர் வந்து முதலாவதையும் சேர்த்து ஏற்ற, இரண்டும் நூர்ந்தன. கைகளைக் குவித்தார்கள், மாலையை விரித்தார்கள், ஒருவர் அழைப்பிதழால் மறைக்கப்போய் அழைப்பிதழில் பற்றிக்கொண்டது. "சுடர்கள் ஒளிரட்டும்" என்று அனோஜன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் சிரிக்கத் தொடங்கியது. அப்போதுதான் நாலாம் வரிசையில் இவர் எழும்பினார்.

யாரும் கூப்பிடவில்லை. நேரே போய், விளக்குக்குப் பின்னால் காற்று வருகிற பக்கத்தில் நின்று, பொன்னாடையை எடுத்து இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். காற்று அவருடைய முதுகில் அடித்தது. திரிகள் நின்று எரிந்தன. ஒவ்வொருவராக வந்தார்கள், ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஒன்பது பேர் ஏற்றிய படத்திலும் நடுவில் உங்கள் தம்பிதான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஆசீர்வதிக்கிறவர் மாதிரி. யோசித்துப் பார்த்தால், பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு நல்ல இடத்தில் இவரை யாரும் நிறுத்தியதில்லை. இவரே போய் நின்றுகொண்டார்.

வெள்ளையடித்தவர் ஒன்பதாவதை ஏற்றும்போது காற்று திரும்பியது. பொன்னாடையின் விளிம்பு உள்ளே வளைந்து திரியைத் தொட்டது. நெருப்புக்கு அந்தத் துணி என்றால் பால்கோவா. மற்றவர் என்றால் எறிந்திருப்பார். இவர் விடவில்லை, ஏனென்றால் படம் எடுக்கிற பொடியன் "அண்ணை, ஒருக்கா இஞ்ச பாருங்கோ" என்று சொல்லியிருந்தான். எரிகிற சால்வையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அங்கே பார்த்தார், மச்சாள். தேநீர் கொதித்த கிடாரத்தடியில் இருந்து வீரம்மாவும் கையில் என்னவோ ஈரத்தோடு ஓடிவந்தார். யார் முந்தி, யார் பிந்தி என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரமில்லை அது. என் கண்ணில் பட்டது நிறைகுடம். தேங்காயை எடுத்து வங்கி முகாமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாவிலையோடு தூக்கி, தலையில் இருந்து கால்வரை ஊற்றினேன். ஒன்பது திரியும் நூர்ந்தன. பிரதம விருந்தினருக்கும் பாதி. அனோஜன் பழக்கத்தில் "நன்றி" என்றார்.

உங்கள் வீடியோ அந்த இடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு நடந்தது ஒருவரிடமும் இல்லை, ஏனென்றால் போன் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் பிரதம விருந்தினரைத் துடைக்கப் போய்விட்டார்கள், மிச்சப்பேர் வீடியோவை ஏற்றுவதற்குச் சிக்னல் கிடைக்கிற குளக்கட்டுக்கு ஓடிவிட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன், நீங்கள் இதை உங்கள் சங்கத்தில் வாசித்தாலும் சரி. இவர் நனைந்த கோழியாக நின்றார். நெற்றியில் ஒரு மாவிலை ஒட்டியிருந்தது. வீரம்மா விளக்கைத் துடைத்து, புதுத்திரி போட்டு, எண்ணெய் விட்டு, மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு சுற்றிவரப் பார்த்தார். விருந்தினர் பக்கமாக ஒருவர் கையை நீட்டியதை நான் கண்டேன். வீரம்மா காணாதவர்போல இவரிடம் வந்தார்.

"நீங்களே ஏத்துங்க ஐயா. உங்களுக்குத்தான் இனி நனையறதுக்கு ஒண்ணுமில்ல."

இவர் கையை உதறி ஈரத்தைப் போக்கிக்கொண்டு மெழுகுதிரியை வாங்கினார். ஒரு திரியை ஏற்றினார். எத்தனையாவது என்று அவரும் பார்க்கவில்லை, வட்டமான விளக்கில் அது தெரியவும் தெரியாது. ஏற்றிவிட்டு மெழுகுதிரியை வீரம்மாவிடமே திருப்பிக் கொடுத்து, "மிச்சத்தை நீங்கள் ஏத்துங்கோ, உங்கட மண்டபம்" என்றார். அந்தப்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏற்றினார்கள். காற்று மறைக்க இப்போது நிறைய முதுகுகள் இருந்தன. இவர் பெயரை அனோஜன் சொல்லவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. பிறகு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து நான் இவருடைய நனைந்த முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போனார்.

அடுத்தநாள் கமக்காரர் அமைப்பில் இருந்து இரண்டு பேர் வந்து, காலபோக நெல்லுக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். கத்தத் தெரிந்த ஆள் தேவையாம். மேடை இல்லை, மாலை இல்லை, விளக்கும் இல்லை. இவர் வேட்டியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுச் சாரத்தோடு வாய்க்கால் பார்க்கப் போனார். மத்தியானம் வந்து சோறு தின்றுவிட்டு ஒரு கண் தூங்கினார். குறட்டையைக் கேட்டுக்கொண்டு குசினியில் நான் சும்மா நின்றேன். "இனி அரசியல் போதும்" என்று தன் வாயால் சொல்லியிருக்கிறார்.

ஆகவே மச்சாள், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மாகாணசபைத் தேர்தல் வரப்போகிறது என்று மறுபடியும் ஒரு கதை அடிபடுகிறது. இவர் இந்த உலகத்தில் பயப்படுகிறது உங்கள் ஒருவருக்குத்தான். போன் எடுத்தால் தும்மலைப் பற்றிக் கேளுங்கோ, வயலைப் பற்றிக் கேளுங்கோ, குடும்பப் பெருமையைப் பற்றி மட்டும் தயவுசெய்து கதைக்க வேண்டாம். இந்த வீட்டில் இனி அரசியல் இல்லை. இதை உங்களிடம் ஒரு வாக்காகவே எழுதித் தருகிறேன்.

அண்ணையின் முழங்கால் நோவுக்கு முருங்கைப்பட்டை காயவைத்து அனுப்புகிறேன். பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க நல்லாப் பழகவேண்டும். உங்கள் எல்லோருக்கும் நோய்நொடி இல்லாத ஆயுளைத் தான்தோன்றீசுவரர் தரட்டும்.

இப்படிக்கு,
நெருப்பு என்றபடியால் மட்டுமே தண்ணீர் ஊற்றிய,
பிரியந்தினி.

பி.கு: அக்கா, எழுத்து மாறினதைக் கண்டு பயப்படாதேங்கோ, இது நான் செந்தூரன். உறையை ஒட்டித் தாறன் எண்டு வாங்கி முழுக்க வாசிச்சுப்போட்டன். இவள் எழுதினது எல்லாம் சரி. ரெண்டு திருத்தம் மட்டும் பிரேரிக்கிறன்.

ஒண்டு, நெருப்பு. சால்வையில பத்தினவுடன வீரம்மாக்கா ஈரச்சாக்கோட வந்து ஒரே அமத்து, நூந்து போச்சு. புகையும் அடங்கிட்டுது. அதுக்குப் பிறகுதான் இவள் தேங்காயை அவசரப்படாமல் ஆறுதலா எடுத்து, பத்திரமா அந்த மனுசன்ர கையில குடுத்துப்போட்டு, வந்து என்ர கண்ணைப் பாத்துக்கொண்டு ஊத்தினவள். அது நெருப்புக்கு இல்லை எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. அதுதான் நான் இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. நல்ல குளிர்மையா இருந்தது, அக்கா.

மற்றது, அரசியல். நேற்றுக் கட்சிக்காரர் வீட்டை வந்தவை. தேர்தல் வந்தாலும் வருமாம், பெண் வேட்பாளர் ஒராள் வேணுமாம். என்னைத் தேடி வரேல்லை. சனம் எல்லாம் வீடியோவில தண்ணி ஊத்தின அம்மாவைத்தான் கேக்குதாம். இவள் மாட்டன் எண்டு சொல்லேல்லை. தேத்தண்ணி குடுத்துப்போட்டு, "காத்து எந்தப்பக்கம் அடிக்குதெண்டு பாப்பம்" எண்டவள். இண்டைக்கு விடிய எழும்பிப் பாக்கிறன், அலுமாரியில இருந்த குரங்குப் பிரேரணையை எடுத்து வச்சு வாசிச்சுக்கொண்டு இருக்கிறாள், பென்சிலால பிழையும் திருத்திறாள்.

அவள் விளக்கு ஏத்தேக்க பின்னால நிண்டு காத்து மறைக்க நான் ஆயத்தம். ஆனா உந்தப் பொன்னாடையள் சரிவராது. அங்க தடிப்பான பருத்திச் சால்வை கிடைச்சால் பிரசாந்தன் அடுத்தமுறை வரேக்க ஒண்டு குடுத்துவிடுங்கோ.